ஒரே படம், இரண்டு முடிவு: காற்றுப் படத்தைப் பார்த்துக் கடலுக்குப் போவது பற்றி

கேள்வி இது: "முட்டம் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணன் ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். முந்தின நாள் மாலையே போனில் காற்றுப் படத்தைப் பார்த்துப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார். பக்கத்து வீட்டு அண்ணனும் அதே ஆப்பைத்தான் பார்க்கிறார். போன வாரம் ஒருவர் போனார், ஒருவர் போகவில்லை. கேட்டால் இரண்டு பேருமே 'படத்தைப் பார்த்துத்தான் சொல்லுதேன்' என்கிறார்கள். ஒரே படத்திலிருந்து இரண்டு முடிவு எப்படி வரும்? சரியாகப் பார்ப்பது எப்படி?"

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் புள்ளியியல் நடத்தியவன். கடலைப் பற்றி உங்கள் அண்ணனுக்குச் சொல்லித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. படத்தைப் பற்றிச் சொல்ல முடியும். அவர்கள் பார்த்தது ஒரே படமாக இருந்தாலும், அதனிடம் கேட்டது ஒரே கேள்வியாக இருந்திருக்காது. ஒருவர் "நாளைக்குக் காற்று எவ்வளவு?" என்று கேட்டிருப்பார். மற்றவர் "காற்று ஏறுவதற்குள் கரை சேர்ந்துவிட முடியுமா?" என்று கேட்டிருப்பார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. கேள்வியை மனதில் தெளிவாக வைத்துக்கொள்ளாமல் படத்தைத் திறந்தால், எதைப் பார்ப்பது என்பதை நமக்குப் பதில் படமே முடிவு செய்துவிடும். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

படம் பார்த்து முடிவெடுப்பது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தவர்கள் அதை இரண்டு ஓட்டமாகப் பார்க்கிறார்கள். முதல் ஓட்டம் வேகமானது, முயற்சி கேட்காது. கண் தானாகவே அடர்ந்த நிறத்துக்கும், தடித்த கோட்டுக்கும், அசைகிற பொருளுக்கும் போய்விடும். உடனே மனம், "இதுமாதிரி முன்னால் எதைப் பார்த்திருக்கிறோம்?" என்று பழைய நினைவிலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்திப் பார்க்கும். சிவப்பு என்றால் ஆபத்து, மேலே போகும் கோடு என்றால் வளர்ச்சி, பெரிதாகும் வடிவம் என்றால் பெரிதாகும் பொருள். இரண்டாவது ஓட்டம் மெதுவானது. அச்சில் என்ன எழுதியிருக்கிறது, அலகு என்ன, இது எந்த நேரத்துக்கு என்று ஒவ்வொன்றாக மனதில் தாங்கிக்கொண்டு கணக்குப் போடுவது. அதற்கு உழைப்பு வேண்டும். மாலை ஆறு மணிக்கு வலையைச் சரிபார்த்துக்கொண்டே, ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாகப் பார்க்கும்போது முதல் ஓட்டம் மட்டும்தான் நடக்கும். அதில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். முதல் பார்வை தவறும் இடங்கள் எவை என்று தெரிந்து வைத்துக்கொண்டால், அந்த இடங்களில் மட்டும் நின்று பார்த்தால் போதும்.

முதலில் அலகைப் பாருங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் உங்கள் வீட்டுச் சிக்கலே இதுவாக இருக்கலாம். விண்டி போன்ற ஆப்களில் பலருடைய போனில் காற்று 'நாட்' கணக்கில் இருக்கும். வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையோ கிலோமீட்டர் கணக்கில் வரும்: "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வானொலியில் கேட்டுக் கேட்டு நமக்கே மனப்பாடம். ஒரு நாட் என்பது 1.85 கிலோமீட்டர். போனில் 25 என்று கண்டவர் "இருபத்தஞ்சுதானே" என்று போகிறார். அது 46 கிலோமீட்டர்; அந்த எச்சரிக்கை சொல்லும் வேகத்தைத் தொட்டுவிட்டது. அந்த "இடையிடையே" என்ற சொல்லையும் கவனியுங்கள். படத்தில் சராசரிக் காற்று ஓர் அடுக்கு, திடீரென்று தூக்கி அடிக்கும் காற்று வேறோர் அடுக்கு. வள்ளத்தைப் புரட்டுவது இரண்டாவது. திறந்தவுடன் கண்ணுக்கு வருவது முதலாவது. நேரமும் அப்படித்தான். ஆப் நம் நேரத்தைக் காட்டும், ஆனால் வானிலை மையத்தின் வரைபடங்கள் பலவற்றில் உலகப் பொது நேரம்தான் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 00 என்று போட்டிருந்தால் அது நமக்கு விடியற்காலை 5:30. நள்ளிரவு என்று நினைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, படத்தின் வழவழப்பு. பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும் நிறம் அத்தனை மென்மையாக மாறுகிறது. பார்க்கிறவருக்குக் கடலின் ஒவ்வொரு அடியிலும் யாரோ காற்றை அளந்து வைத்ததுபோல் தோன்றும். உண்மையில் கணினி காற்றைக் கணக்கிடுவது கட்டம் கட்டமாக. அந்தக் கணக்கு முறையை 'மாதிரி' என்பார்கள்; ஒரே ஆப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் இருக்கும். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர், ஆப்பில் வரும் அமெரிக்க மாதிரியின் கட்டம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். இடையில் இருக்கும் நிறமெல்லாம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நிரப்பி வைத்தது. வேறு ஊர்களில் இது பெரிய குறையாக இருக்காது. நம் மாவட்டத்தில் இது முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலை ஆரல்வாய்மொழியில் இடைவெளி விட்டு நிற்கிறது. அந்தக் கணவாயில் காற்று குவிந்து பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். மலை, கணவாய், முனை மூன்றும் சில கிலோமீட்டருக்குள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் 22 கிலோமீட்டர்க் கட்டம் என்ன காட்டும்? எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கித்தான் காட்டும். உங்கள் அண்ணனுக்கு "இந்தக் காற்று மணக்குடிப் பக்கம் ஒருமாதிரி, முட்டத்தில் வேறமாதிரி" என்று அனுபவத்தில் தெரிந்திருக்கும். படத்தில் அது இல்லை என்பதற்காக அந்த அறிவை அவர் விட்டுவிடக் கூடாது. ஒரே ஆப்பில் இரண்டு மாதிரியையும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். ஒன்று 14 என்றும் மற்றொன்று 24 என்றும் சொன்னால், கணினிக்கே நாளைய நாள் தெளிவாகத் தெரியவில்லை என்று பொருள். ஒரே மாதிரியைப் பார்க்கிறவருக்கு அந்தச் செய்தி ஒருநாளும் கிடைக்காது. உங்கள் இரண்டு அண்ணன்மாரும் ஒரே ஆப்பில் வெவ்வேறு மாதிரியைப் பார்த்திருக்கவும் வாய்ப்பு உண்டு. போனை வாங்கிப் பாருங்கள்.

காற்றுப் படம் முழுப் பச்சையாக இருந்தும் கடல் ஆளைக் கொல்லும் நாட்கள் இருக்கின்றன. கள்ளக்கடல் என்று நம் கரையில் சொல்வது அதைத்தான். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் கீழ்க்கோடியில் அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிந்திருக்கும். காற்றுப் படம் பொய் சொல்லவில்லை; அதனிடம் காற்றைப் பற்றித்தான் கேட்டோம், அது காற்றைப் பற்றித்தான் சொன்னது. அலைப் படத்தைத் திறந்தாலும் ஒரு கண்ணி உண்டு. கண் அலையின் உயரத்தை மட்டும் பார்க்கும்: "ஒரு மீட்டர்தானே." ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை வினாடி என்பதைப் பார்க்க வேண்டும். 7, 8 வினாடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. 16, 18 வினாடி என்றால் தூரத்திலிருந்து வந்த அலை. அது ஆழத்தில் ஒரு மீட்டராகத் தெரிந்தாலும் கரையை ஒட்டியதும் எழும்பி ஏறும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்காகவே தனியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் கடற்கரையில் நின்ற மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கரையில் நிற்கிறவருக்கும், துறையில் வள்ளம் இறக்குகிறவருக்கும் அன்றைக்கு வேண்டிய படம் வினாடி போட்ட அலைப் படம்தான்.

புயல் படத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு 2017 நவம்பர் 30 நினைவுக்கு வராமல் இருக்காது. அன்று காலை நாகர்கோவிலில் மரங்கள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒக்கி ஒரு நாளுக்குள் தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக மாறி, குமரிக் கடலைக் கடந்து போனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்த வரிசை ஊர்களின் ஆழ்கடல் போட்டுகள் பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தன. போன் எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு எந்தப் படமும் போய்ச் சேரவில்லை. அவர்கள் படத்தைத் தவறாகப் பார்த்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் எழுதுகிறேன். படத்தைப் பார்க்கத் தெரிவது என்பது படம் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பயன்படும்.

வந்து சேரும்போது என்ன நடக்கிறது? புயல் இப்போது இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, அதிலிருந்து போகப் போக விரியும் ஒரு கூம்பு. முதல் பார்வையில் மனம் என்ன சொல்லும்? "புயல் வளர்ந்துகொண்டே போகிறது." அப்படி இல்லை. கூம்பு காட்டுவது புயலின் நடுப்புள்ளி எங்கே இருக்கக்கூடும் என்ற எல்லையை மட்டும்தான். நாள் தள்ளத் தள்ளக் கணிப்பில் பிழை கூடும், அதனால் கூம்பு அகலமாகிறது. புயல் சுருங்கிக்கொண்டே போனாலும் கூம்பு விரியும். அமெரிக்காவின் புயல் மையம் தன் கூம்பை வரைவது, கடந்த ஐந்து ஆண்டுகளில் தன் கணிப்பு எவ்வளவு தவறியது என்ற கணக்கை வைத்து. அந்தப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே அடங்குமாறு அகலத்தை வைக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு நேரம் நடுப்புள்ளியே வெளியே போகலாம் என்று அதை எழுதி வைத்தே வரைகிறார்கள். ஆனால் கோடு என்று ஒன்று போட்டுவிட்டால் அது வேலி ஆகிவிடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆபத்து, அந்தப் பக்கம் பாதுகாப்பு என்று மனம் பிரித்துக்கொள்கிறது. புயலின் காற்று நடுப்புள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் அடிக்கும் என்பதைக் கூம்பு காட்டுவதே இல்லை.

சரி, கூம்பை விட்டுவிட்டு, கணினி போட்ட பல பாதைகளையும் தனித்தனிக் கோடுகளாகக் காட்டினால்? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புயல் பெரிதாகிறது என்ற தவறு குறைந்தது. வேறொரு தவறு முளைத்தது. கடலில் ஓர் எண்ணெய்த் துரப்பண மேடையைப் புள்ளியாக வைத்து, அதற்கு எவ்வளவு சேதம் வரும் என்று கேட்டபோது, ஒரு கோடு அந்தப் புள்ளியின் மேலேயே போனால் சேதம் அதிகம் என்றும், கோடு சற்றுத் தள்ளிப் போனால் குறைவு என்றும் மக்கள் சொன்னார்கள். அந்தக் கோடு சாத்தியமான எத்தனையோ பாதைகளில் ஒன்று, கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கலாம் என்று தெரிந்தும் சொன்னார்கள். கண் பிடித்ததை மனம் எளிதில் விடுவதில்லை. அதனால் நான் வீட்டில் செய்வது ஒன்றைச் சொல்கிறேன். புயல் படம் வந்தால் கூம்பின் ஓரத்துக்கு வெளியே இன்னும் ஒரு விரல் அகலத்தை மனதால் சேர்த்துக்கொள்வேன். பிறகு, நேற்று வந்த படத்தையும் இன்று வந்த படத்தையும் பக்கத்தில் வைத்து, கூம்பு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு படத்தைவிட இரண்டு படங்களின் வித்தியாசம் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். அலகும் நேரமும் மாதிரியும் எல்லாம் ஒன்றாகவே இருந்து, இருவரும் நன்றாகப் படத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களாகவும் இருந்தால்? அப்போதும் இரண்டு முடிவு வரலாம், இரண்டும் சரியாகவும் இருக்கலாம். ஏனென்றால் படம் சொல்வது என்ன நடக்கக்கூடும் என்பதை மட்டும்தான். நடந்தால் யாருக்கு என்ன போகும் என்பது அதில் இல்லை. ஒருவரின் வள்ளம் புதிது, எஞ்சினுக்குக் கடன் இருக்கிறது, மகன் கூட வருகிறான். மற்றவருக்கு இரண்டு எஞ்சின், கூட வரும் நால்வரும் பழகியவர்கள், மூன்று நாளாகத் தொழில் இல்லை. வாய்ப்பைச் சதவீதமாகச் சொன்னால் இந்தக் கணக்கு ஓடாது. "முப்பது சதவீதம்" என்றால் சிலருக்கு அது "வராது" என்று கேட்கும். அதையே "இப்படிப் பத்து நாள் வந்தால் மூன்று நாள் காற்று ஏறும்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு தாளில் பத்து வள்ளம் வரைந்து மூன்றைக் கறுப்படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. பத்துக்கு மூன்று என்றால் உங்கள் அண்ணன் போவாரா? பத்துக்கு ஒன்று என்றால்? இதைக் காற்றில்லாத ஒரு சாயங்காலத்தில், படத்தைத் திறக்காமல் கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்துக்கொண்டே எல்லை வகுத்தால், ஆசை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் எல்லையும் நகரும்.

நீங்கள் கடலைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். ஆனால் கரையேறி மலைப்பக்கம் போனாலும் இதே கதைதான், ஒன்றிரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

தினமும் செய்தித்தாளில் அணை நீர்மட்டம் வருகிறது. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்பது முழு மட்டம். ஜூன் முதல் தேதி அணை திறப்பார்களா, கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் எட்டுமா என்று பார்க்கும் விவசாயி, பேச்சிப்பாறையில் 24 அடி என்று பட்டைப்படத்தில் பார்த்தால் "பாதி இருக்கு, கொள்ளாம்" என்பார். பட்டை பாதி உயரத்தில் நிற்கிறது, தண்ணீர் பாதி இல்லை. அணை நேர்ச்சுவர் வைத்த தொட்டி கிடையாது. மலைகளுக்கு நடுவே கீழே குறுகி மேலே விரிந்த பள்ளம். சரியான கூம்பாக ஒரு பாத்திரம் இருந்தால் பாதி உயரத்துக்கு நிரப்பும்போது எட்டில் ஒரு பங்குதான் கொள்ளும். அணை அத்தனை கூர்மையில்லை, ஆனாலும் பாதிக்குக் குறைவுதான். மேல் பத்து அடியில் இருக்கும் தண்ணீர் கீழ்ப் பத்து அடியில் இருப்பதைப்போல் பல மடங்கு. அடிக்கணக்கைப் போட்டவர்கள் தவறு செய்யவில்லை, மதகைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அடி வேண்டும். நாற்று நடப் போகிறவருக்கு வேண்டியது கன அடியில் எவ்வளவு மிச்சம் என்பது. நீர்வளத்துறைக் குறிப்பில் கொள்ளளவும் இருக்கும், அதைக் கேட்டுப் பழகலாம்.

ரப்பர் விஷயத்தில் நானே தவறு செய்திருக்கிறேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. 2011-இல் எங்கள் மாமா அருமனைக்குப் பக்கத்தில் வாழை நின்ற ஒரு ஏக்கரில் ரப்பர் வைக்கலாமா என்று கேட்டார். நான் 2009 முதல் 2011 வரை விலையை எடுத்துக் கோட்டுப்படம் வரைந்து கொடுத்தேன். கோடு கூரையேறுவதுபோல் ஏறியது. ஏப்ரலில் கிலோ 240 ரூபாயைத் தொட்டிருந்தது. அச்சைப் பூஜ்யத்தில் தொடங்காமல் 80-இல் தொடங்கியிருந்தேன், தாளில் இடம் போதாது என்பதற்காக. அதனால் ஏற்றம் இன்னும் செங்குத்தாகத் தெரிந்தது. ஆனால் அது சின்னத் தவறு. பெரிய தவறு, ஏழு ஆண்டு கழித்துப் பால் வெட்டப் போகிற மரத்துக்கு இரண்டு ஆண்டுக் கோட்டைக் காட்டியது. மாமா அந்தக் கோட்டைப் பார்த்தார், அது தாளின் ஓரத்தைத் தாண்டியும் மேலே போவதாக மனதில் நீட்டிக்கொண்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். 2016 தொடக்கத்தில் விலை நூறு ரூபாய்க்குக் கீழே போனது. 2017-இல் ஒக்கி வந்து, வெட்டத் தொடங்கும் முன்பே பாதி மரங்களைச் சாய்த்துவிட்டது. விலை மறுபடி 240-ஐத் தாண்ட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று இருபது ஆண்டு விலையை ஒரே படத்தில் போட்டிருந்தால், ஏற்றமும் இறக்கமுமாக மலைத்தொடர் போல ஒன்று தெரிந்திருக்கும், மாமா வேறு கேள்விகள் கேட்டிருப்பார். பாதி நிலத்தில் வைப்போமா என்றாவது கேட்டிருப்பார். தோவாளைப் பூச்சந்தைக்கு நாளைக்குப் பிச்சிப்பூ பறிப்பதா என்று பார்க்கிறவருக்கு ஒரு வார விலை போதும். ஓணத்துக்கு முன்னால் என்றால் போன ஓணத்தையும் பார்க்க வேண்டும். முடிவு எத்தனை காலத்துக்கு நம்மைக் கட்டிப்போடுமோ, அத்தனை காலமாவது பின்னோக்கிப் படம் காட்ட வேண்டும் என்று அதற்குப் பிறகு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

மாவட்ட வரைபடங்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுப் படத்தில் மாவட்டங்களுக்கு நிறம் பூசிக் காட்டினார்களே, அதில் நம் மாவட்டம் தெற்கு மூலையில் ஒரு நகக்கீறல். நீலகிரி நம்மைவிடப் பெரிதாகத் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியில் 7.35 லட்சம் பேர், கன்னியாகுமரியில் 18.7 லட்சம் பேர். படத்தில் நிலத்துக்குத்தான் நிறம் பூசுகிறார்கள், ஆட்களுக்கு இல்லை. மழை எச்சரிக்கையில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஆரஞ்சு நிறம் கொடுப்பதும் அப்படித்தான். மலைப்பக்கம் பாலமோரில் கொட்டும்போது குமரி முனையில் வெயில் அடிப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்.

இனி, உங்கள் அண்ணன் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சம்பவம். 1986 ஜனவரி 27 இரவு அமெரிக்காவில், மறுநாள் காலை ஏவவிருந்த சேலஞ்சர் விண்கலத்தைப் பற்றித் தொலைபேசியில் நீண்ட விவாதம் நடந்தது. கடுங்குளிர் வரப்போகிறது, குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போகும் என்று பொறியாளர்கள் அஞ்சினார்கள். முன்பு வளையங்கள் பழுதான பயணங்களையும் அன்றைய வெப்பநிலையையும் எடுத்துப் பார்த்தார்கள். குளிரிலும் பழுது, வெயிலிலும் பழுது. ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. ஏவினார்கள். 73-ஆவது வினாடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். பிறகு விசாரணைக் குழு பழுதே வராத பயணங்களையும் அதே படத்தில் புள்ளியாகச் சேர்த்தது. 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பழுது. 18 டிகிரிக்குக் கீழே இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும் பழுது. அன்றிரவு கையில் இருந்த தகவல்தான் இதுவும். நல்லபடியாக முடிந்த நாட்களைப் படத்தில் சேர்க்காததால் யாருக்கும் தெரியவில்லை.

நாமும் அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறோம். படம் பச்சை என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்ட நாளை ஆயுசுக்கும் சொல்வோம். படம் மஞ்சள் என்று சொல்லியும் போய்ச் சுகமாகத் திரும்பிய நாளையும் பெருமையாகச் சொல்வோம். படம் சொன்னது, அப்படியே நடந்தது என்ற நூறு சாதாரண நாட்களும், படத்தை நம்பிக் கரையில் இருந்துவிட்ட நாட்களும் கணக்கிலேயே இல்லை.

அதனால் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக் கொடுங்கள். மாலையில் படம் என்ன எண்ணைக் காட்டியது, எந்த மாதிரி, எந்த அலகு என்று அண்ணன் சொல்ல நீங்கள் எழுதுங்கள். முடிவெடுக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். மறுநாள் கடல் எப்படி இருந்தது என்று அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதுங்கள்: நீவாடு என்கிற நீரோட்டம் எப்படி, கச்சான் காற்று எத்தனை மணிக்குத் தொடங்கியது, திரும்பி வர எவ்வளவு நேரம் பிடித்தது. போகாத நாளையும் எழுத வேண்டும், அதுதான் இதில் முக்கியம். அன்று போனவர்களிடம் துறையில் கேட்டு எழுதலாம். மூன்று மாதம் கழித்துக் கட்டம் போட்ட தாளில் படம் சொன்ன எண்ணைக் கீழேயும், கடல் இருந்த நிலையை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணாக்கிப் பக்கவாட்டிலும் வைத்து, நாளுக்கு ஒரு புள்ளி குத்துங்கள். ஆப் எந்த இடத்தில் குறைத்துச் சொல்கிறது, எந்தக் காற்றுக்கு அதை நம்பலாம் என்பது உங்கள் துறைக்கு மட்டும் பொருந்தும்படியாக அந்தத் தாளில் வந்துவிடும். ஹைதராபாத்திலோ டெல்லியிலோ இருப்பவர்களால் அதை வரைந்து தர முடியாது.

பக்கத்து வீட்டு அண்ணனையும் தனியாக ஒரு நோட்டு எழுதச் சொல்லுங்கள். அவருடைய புள்ளிகளை அதே தாளில் வேறு மையில் குத்தி, போன வாரம்போல ஒருவர் போய் ஒருவர் போகாத நாட்களை மட்டும் வட்டமிட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காட்டுங்கள்.